பாட் கோப்பை வெறும் எழுத்தாக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

"அக்கா, மேனுவல்ல போட்டிருந்த மாதிரியேதான் அடிச்சேன். இப்ப ரிப்போர்ட் ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்ல."

இரவு இரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிய அழைப்பு இது. பேசியது இரவு ஷிஃப்ட் தம்பி. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. மேனுவலில் இருந்ததை அப்படியேதான் அடித்திருந்தான். அந்த மேனுவலை எழுதியவள் நான்.

எங்கள் வேலையிடத்தில் பழைய நிரல்கள் எல்லாம் பெர்ல் மொழியில் எழுதியவை. அவற்றின் ஆவணத்தை நிரலுக்குள்ளேயே பாட் என்ற ஆவணக் குறியீட்டில் எழுதிவிடுவோம். சர்வர் அறையில் பிரவுசர் கிடையாது, கறுப்புத் திரை மட்டும்தான். அதனால் பாட்2டெக்ஸ்ட் கட்டளையைக் கொண்டு ஆவணத்தை வெறும் எழுத்துக் கோப்பாக்கி அங்கே வைப்போம். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

அன்றைக்கு நடந்தது இதுதான். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குப் பக்கத்தில், "இந்த இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போடுங்கள்" என்ற பொருளில், ஒரு சொல்லைச் சாய்வெழுத்தாகப் போட்டிருந்தேன். பாட்டில் அதற்கு ஐ<ரிப்போர்ட்> என்று எழுத வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பில் சாய்வெழுத்து ஏது? பாட்2டெக்ஸ்ட் அதற்குப் பதிலாகச் சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போடும். என் வரி இப்படி ஆகிவிட்டது:

ஆர்எம் *ரிப்போர்ட்*

கட்டளைத் திரையில் நட்சத்திரத்துக்குப் பொருளே வேறு. முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி, பெயரில் "ரிப்போர்ட்" என்று வரும் எல்லாக் கோப்பும் அதில் அடங்கும். தம்பி என்டர் தட்டினான், ஒரு மாதக் கோப்புகள் போயே போய்விட்டன. பேக்கப் இருந்ததால் விடிவதற்குள் மீட்டுவிட்டோம். ஆனாலும் காலையில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

குறியீட்டை வெறும் எழுத்தாக்கும்போது எந்த அலங்காரம் எதுவாக மாறும் என்று தெரியாமல் எழுதுவதுதான் இதில் ஆகப் பெரிய தவறு. பாட்2டெக்ஸ்டில் தடித்த எழுத்து சுவடே இல்லாமல் மறைந்துவிடும். சாய்வெழுத்துக்கும் கோப்புப் பெயருக்கும் நட்சத்திரம் வரும். நிரல்துண்டு என்று சி<...> போட்டால் மேற்கோள் குறி வரும். அதையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டிவிட்டு "வேலை செய்யலையே" என்பவர்கள் உண்டு. குவோட்ஸ் என்ற தெரிவுக்கு நன் என்று கொடுத்தால் மேற்கோள் குறி வராது. ஆனால் கட்டளைகளை வரிக்கு நடுவே எழுதவே கூடாது என்பது என் கட்சி. மேலும் கீழும் வெற்று வரி விட்டு, தொடக்கத்தில் இடம் விட்டுத் தனி வரியில் எழுதினால் பாட் அதைத் தொடவே தொடாது, எழுதியது எழுதியபடி நிற்கும். நிரப்ப வேண்டிய இடத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் காட்டினால் போதும்.

அந்த இடம் விடும் விதியிலேயே இன்னொரு வம்பும் ஒளிந்திருக்கிறது. பத்தியின் முதல் வரித் தொடக்கத்தில் ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் பாட் அதை நிரல் என்று எடுத்துக்கொள்ளும். அழகுக்காகப் பத்தியைச் சற்று உள்ளே தள்ளி எழுதினால், வரிகள் மடியாமல் திரையைத் தாண்டி ஓடும், தடித்த எழுத்துக்கான பி<...> போன்ற குறிகளும் பச்சையாக அப்படியே தெரியும். தலைப்பு வரிக்குக் கீழே ஒரு வெற்று வரி விட மறந்தால் அடுத்து வரும் பத்தி முழுவதும் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். இது சின்ன விஷயம், ஒருமுறை பட்டால் மறக்காது.

அம்புக்குறி அப்படியல்ல, பழகியவர்களுக்கும் சறுக்கும். பெர்லில் $ஆர்டர்->டோட்டல் என்று எழுதுவது அன்றாடம். அதைச் சி<$ஆர்டர்->டோட்டல்> என்று போட்டால், அம்பின் முனையில் இருக்கும் > குறியிலேயே சி முடிந்துவிட்டது என்று பாட் நினைத்துக்கொள்ளும். வெளியே வருவது இது:

"$ஆர்டர்-"டோட்டல்>

இரட்டைக் குறி போட்டு, உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு ஸ்பேஸ் விட வேண்டும்: சி<< $ஆர்டர்->டோட்டல் >>. இதைப் பிழை என்று பாட்2டெக்ஸ்ட் சொல்லாது. அதன் கணக்கில் நீங்கள் எழுதியது சரிதான். கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

கருவி பிழை என்று சொல்லும்போதும் நாம் கேட்பதில்லை, அது இன்னொரு கதை. பட்டியலைத் திறக்கும் =ஓவர் போட்டுவிட்டு மூடும் =பேக் போட மறந்தால், பாட்2டெக்ஸ்ட் திரையில் கத்தாது. வேலையை முடித்து, உருவான கோப்பின் அடியில் "பாட் எரர்ஸ்" என்று ஒரு தலைப்பைப் போட்டு, எத்தனையாவது வரிக்குப் பக்கத்தில் என்ன கோளாறு என்று எழுதி வைக்கும். கட்டளை வெற்றி என்பதற்கு அடையாளமான பூச்சியம்தான் திரும்பி வரும். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒருமுறை அந்தக் கடைசிப் பக்கத்தோடேயே ஆவணம் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. எரர்ஸ் என்ற தெரிவுக்கு டை என்று கொடுத்தால் பிழை இருக்கும்போது கட்டளை தோற்றுப்போகும்; தானியங்கி வேலைகளில் இதைப் போடாமல் விடாதீர்கள். பாட் பிழைகளைத் தேடும் பாட்செக்கர் கட்டளையை முன்னாலேயே ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

தமிழில் விளக்கம் எழுதுகிறவர்களுக்கு வேறு சிக்கல்கள். 1997-ல் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் முன்னின்று முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய ஊர் இது. அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று பட்ட பாடு இன்றைக்கு இல்லை, எல்லாம் யூனிகோட். ஆனால் அதைக் கருவிக்கும் சொல்ல வேண்டுமே. பாட் கோப்பின் தொடக்கத்தில் =என்கோடிங் யூடிஎஃப்8 என்ற வரி இல்லையென்றால், முதல் தமிழ் எழுத்தைக் கண்டதும் கருவி தானே ஊகித்துக்கொண்டு, அதையும் அந்தக் கடைசிப் பக்கத்தில் புகாராக எழுதும். ஒரே வரியில் தீரும் தொல்லை.

வரி அகலம்தான் சற்றுச் சிக்கலானது. பாட்2டெக்ஸ்ட் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 76 என்ற அகலத்தில் வரியை மடிக்கும். 76 எழுத்து அல்ல, 76 யூனிகோட் குறி. "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் மூன்றெழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. யூடிஎஃப்-8-ல் குறிக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். அதனால் தமிழ்ப் பத்திகள் ஆங்கிலப் பத்திகளைவிடக் குறைந்த எழுத்திலேயே மடிந்துபோகும். அகலத்தை 110 வாக்கில் வைத்தால் என் திரையில் பார்க்கச் சகிக்கிறது. உங்கள் எழுத்துருவுக்கு எது பொருந்தும் என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

இதற்குப் பயந்து பாட்2டெக்ஸ்டை விட்டுவிட்டு ஃபோல்ட் கட்டளையால் மடிக்கலாம் என்று போனால் நிலைமை இன்னும் மோசம். பழைய லினக்ஸ் கணினிகளில் ஃபோல்ட் பைட்டைத்தான் எண்ணும், அகலம் சொல்லாவிட்டால் 80-ல் வெட்டும். 80-ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் இரண்டு. இடைவெளியே இல்லாத நீளமான தமிழ் வரி என்றால் 27-வது குறியை நட்டநடுவே வெட்டும். அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி முளைத்திருந்தால் காரணம் அதுதான்.

மூலக் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்கும் கொடுப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வெளியீட்டைக் கோப்பில் எழுதப் போடும் > குறியைப் பார்த்ததும், கட்டளைகளை ஓட்டும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் கட்டளையையே தொடங்கும். பாட்2டெக்ஸ்ட் படிக்கப் போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

கடைசியாக, இப்போதும் எங்களிடம் நடப்பது. உருவான எழுத்துக் கோப்பில் யாராவது ஒரு எண்ணைத் திருத்துவார்கள், நல்ல எண்ணத்தில்தான். அடுத்த வாரம் மூலத்திலிருந்து மறுபடி மாற்றும்போது திருத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். "நான் மாத்தினேனே, யார் பழசைப் போட்டது?" என்று தேநீர் வேளையில் ஒரு சண்டை. அதனால் மாற்றும் ஸ்கிரிப்ட்டிலேயே, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் "இது தானாக உருவானது, திருத்தம் மூலத்தில் செய்யவும்" என்ற வரியைச் சேர்த்துவிட்டோம். அந்த வரியை எழுதிச் சேர்த்தது இரவு ஷிஃப்ட் தம்பிதான். அடியில் இன்னொரு வரியும் போட்டிருக்கிறான்: "நட்சத்திரம் கண்டால் அக்காவிடம் கேட்கவும்."