சைலண்ட் ஹன்டர் 3-க்குள் ஒரு கடல்நாயை இறக்குவது எப்படி

சைலண்ட் ஹன்டர் 3 என்ற நீர்மூழ்கிக் கணினி விளையாட்டில் பெரிய யு-போட்டை (ஜெர்மன் நீர்மூழ்கியை) ஓட்டி அலுத்துப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீஹுண்ட் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இறக்கிய குட்டி நீர்மூழ்கி, பெயருக்கு ஜெர்மனில் கடல்நாய் என்று அர்த்தம். சுமார் 12 மீட்டர் நீளம், 17 டன் எடை, உள்ளே ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டே ஆள். வயிற்றடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டார்பிடோ தொங்கும், அவ்வளவுதான் ஆயுதம். 1945 ஜனவரி 1-ல் நெதர்லாந்தின் ஐமாய்டனிலிருந்து முதல் கூட்டம் கிளம்பியது. திரும்பி வந்தவை இரண்டு. ஏப்ரல் வரை நடந்த 142 பயணங்களில் 35 படகுகள் போயின. அதில் பெரும்பாலானவற்றைக் கொன்றது எதிரி இல்லை, வானிலை. இதை மனதில் வைத்துக்கொண்டே மோட் செய்யுங்கள், அதாவது கேமின் ஃபைல்களை மாற்றுங்கள்: அலைக்குப் பயப்படாத சீஹுண்ட் சீஹுண்டே இல்லை.

சைலண்ட் ஹன்டர் 3-ல் நாம் ஓட்டும் படகுகளின் பட்டியல் நிரலுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது, இருக்கும் ஒன்றின் நாற்காலியில்தான் உட்கார வைக்க வேண்டும். டைப் 2ஏ என்ற யு-போட் வகையைத் தேர்ந்தெடுங்கள், இருப்பதிலேயே சின்னது அதுதான். டேட்டா ஃபோல்டருக்குள் சப்மரீன், அதற்குள் 'என்எஸ்எஸ்_யுபோட்2ஏ'. அந்த ஃபோல்டரை முழுசாக நகலெடுத்து, மோட்களை ஏற்றி இறக்கும் ஜேஎஸ்ஜிஎம்இ மென்பொருளின் மோட்ஸ் ஃபோல்டரில் அதே அடுக்கில் வைத்து, அங்கேயே வேலை செய்யுங்கள். மூல ஃபைலில் கை வைத்து ஒருமுறை கேமையே திரும்ப இன்ஸ்டால் செய்தவன் சொல்கிறேன்.

உள்ளே இருப்பவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று. உருவம் .டாட் ஃபைலில், ஓட்டமும் மிதப்பும் .சிம்-ல், அடிபடும் இடங்கள் .ஸோன்-ல். மூன்றையும் சைலண்ட் 3டிட்டர் என்ற எடிட்டரில் திறக்கலாம்.

முதலில் உருவம். பிளெண்டர், விங்ஸ் 3டி போன்ற முப்பரிமாண மென்பொருள் ஒன்றில் வரைந்து .ஓபிஜே ஆக ஏற்றுமதி செய்து, டைப் 2-வின் உடல் இருந்த இடத்தில் உள்ளே இழுங்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். இந்த கேமில் ஒரு அலகு என்பது 10 மீட்டர். அது தெரியாமல் நீளத்தை 12 என்றே வைத்துவிட்டேன். துறைமுகத்தில் கேமரா திறந்ததும் திரை முழுக்கச் சாம்பல் சுவர். பின்னால் போய்ப் பார்த்தால் 120 மீட்டர் கடல்நாய் படகுத்துறையைத் தாண்டி நீட்டிக்கொண்டு கிடக்கிறது! 67 மீட்டர் டைப் 7 அதன் பக்கத்தில் குட்டி. நீளம் 1.2 ஆக இருக்க வேண்டும், அகலம் 0.15-க்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று, புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஐடி கொடுங்கள். வேறு ஃபைலிலிருந்து நகலெடுத்த ஐடி அப்படியே இருந்தால் உங்கள் கோபுரம் எங்கோ போகிற சரக்குக் கப்பலின் தலையில் முளைத்தாலும் ஆச்சரியமில்லை.

டைப் 2ஏ-க்கு முன்னால் மூன்று டார்பிடோ குழாய்கள். மூன்றாவதை அழிக்காதீர்கள், வேறு பாகங்கள் அதைத் தேடும், கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். காலியாக விட்டால் போதும். மற்ற இரண்டையும் வயிற்றின் இரு பக்கத்துக்கு இறக்கி, உபரி டார்பிடோ எதுவும் வைக்காதீர்கள். சீஹுண்டில் பீரங்கி கிடையாது, ஃப்ளாக் என்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கியையும் கழற்றிவிடுங்கள்.

இனி .சிம். நீர்மேல் 7.7 நாட், நீருக்கடியில் 6 நாட் அதிகபட்ச வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). டீசல் 60 குதிரைசக்தி, மின்மோட்டார் 25. தூரத்தை கேம் கடல் மைலில் கேட்கும்: மேலே 7 நாட்டில் 270 கிலோமீட்டர், அதாவது 146 மைல். கீழே 3 நாட்டில் 63 கிலோமீட்டர், 34 மைல்.

எடையில்தான் பொறுமை வேண்டும். மாஸ் என்ற எடை எண்ணை மட்டும் 17 ஆக்கிவிட்டு, டிஸ்ப்ளேஸ்மென்டை (படகு விலக்கும் நீரின் எடையை) மறந்தேன். மிஷன் தொடங்கிய நொடியில் படகு தண்ணீரை விட்டு எகிறி, பத்து மாடி உயரத்தில் ஒருமுறை புரண்டு, தலைகீழாக வந்து விழுந்தது. தளபதி மட்டும் அசையாமல் பைனாகுலரோடு நின்றார். இரண்டு எண்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்க வேண்டும். அதன்பின் ஜிசி_ஹைட் என்ற ஈர்ப்பு மைய உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அலையில் விட்டுப் பாருங்கள். என் மாலைகளில் பாதியை இந்த ஒரு எண்தான் தின்றது.

சீஹுண்ட் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஆறேழு நொடியில் முங்கிவிடும். அதனால் முங்குவதற்காகக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டி நிரம்பும் வேகத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள். பெரிஸ்கோப் சுமார் மூன்று மீட்டர்தான், ஏறி இறங்காது. பெரிஸ்கோப் ஆழத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நான் 5-ல் நிறுத்தினேன்.

.ஸோன்-ல் கிராஷ்டெப்த்தை, அதாவது படகு நசுங்கும் ஆழத்தை, 50 ஆக்குங்கள். படகின் வடிவமைப்பு ஆழம் 30 மீட்டர், 45 வரை தாங்கியது. அதே ஃபைலில் இருக்கும் சேதப் பெட்டிகளையும் சுருக்குங்கள். நான் சுருக்காமல் விட்டதில், மூக்குக்குப் பத்து மீட்டர் முன்னால் வெறும் தண்ணீரில் விழுந்த குண்டு என்னை மூழ்கடித்தது. படகு சின்னதாகிவிட்டது, 41 மீட்டர் டைப் 2-வின் ஆவி மட்டும் அங்கேயே மிதந்துகொண்டிருந்தது.

மாலுமிகளை இரண்டாகக் குறைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இன்ஜின் அறை காலியாக இருந்தால் படகு நகராமல் அடம்பிடிக்கும். உள்ளறையும் டைப் 2-வினுடையதே இருக்கட்டும். வெளியே ஆட்டோ, உள்ளே கல்யாண மண்டபம். வேறு வழி தெரியவில்லை.

நிஜத்தில் இத்தனூண்டு படகை எதிரியின் சோனார் (ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவி) பிடிப்பதே கஷ்டம். அதற்கு சிம்.சிஎஃப்ஜி-யின் சோனார் பகுதியில் இலக்கின் பரப்பு சம்பந்தப்பட்ட எண்ணை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அது எல்லாப் படகுக்கும் பொருந்திவிடும், டைப் 9-ல் போகிறவரும் பேயாகிவிடுவார். அதைத் தனி மோட்டாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் ஏற்றுங்கள்.

போர் முழுக்கத் தொடர்ந்து ஆடும் கேரியர் (Career) முறைப் பக்கம் போகாதீர்கள், டைப் 2ஏ அங்கே 1939-லேயே வந்து நிற்கும். மிஷன் எடிட்டரில் 1945 பிப்ரவரி தேதி போட்டு, ஐமாய்டன் வாசலில் படகை வைத்து, தேம்ஸ் முகத்துவாரப் பக்கம் ஒரு கான்வாயை (காவலோடு போகும் கப்பல் கூட்டத்தை) விடுங்கள். காற்றை முதலில் நொடிக்கு 3 மீட்டர் வைத்து ஓட்டிப் பழகுங்கள். பிறகு கேம் அனுமதிக்கும் உச்சமான 15-க்கு ஏற்றுங்கள். என் கணக்கில் அந்தக் காற்றில் இதுவரை பதினோரு பயணம். கான்வாயைக் கண்ணால் பார்த்தது இரண்டு தடவை.