ஓடுகிறவனை நிறுத்துவது எப்படி: 1/35 சிப்பாய் பொம்மையை டயோராமாவுக்கு ஏற்ப மாற்றுதல்

பெட்டியில் வரும் சிப்பாய் பொம்மைகளில் முக்கால்வாசி ஓடும், இல்லாவிட்டால் சுடும். ஆனால் டயோராமாவில் (ஒரு நிகழ்வைச் சிறிய அளவில் அமைத்துக் காட்டும் மாதிரிக் காட்சி) நமக்குத் தேவைப்படுகிறவன் காத்திருப்பான், குனிவான், தரையைப் பார்ப்பான். அப்படி ஒருவன் கடையில் கிடைப்பது அரிது. இருப்பதை அறுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். (ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபிகர்’ என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை இருப்பதால் இங்கே ‘பொம்மை’தான்.)

எடுத்துக்காட்டாக ஒரு சின்னக் காட்சி. இத்தாலி, 1944 தொடக்கம், குளிர்காலச் சேறு. இந்திய 4-வது டிவிஷனின் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) இருவர் சாலையோரத்தில் கண்ணிவெடி தேடுகிறார்கள். ஒருவர் டிடெக்டரோடு நிற்கிறார், இன்னொருவர் மண்டியிட்டு பயனெட்டால் (துப்பாக்கி முனைக் கத்தி) மண்ணைக் குத்திப் பார்க்கிறார். இதே இத்தாலியில், மிக்னானோவில், 1944 பிப்ரவரியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார் சுபேதார் சுப்பிரமணியன். அவருக்கு பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்தக் கணத்தையே செய்ய ஆசை வரும். தொடக்கக்காரர்கள் அதைத் தொட வேண்டாம். வெடிப்பைப் பொம்மையில் காட்டுவது கடினம், பயத்தைக் காட்டுவது எளிது.

தேவையானவை: 1/35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) பேட்டில்டிரெஸ் என்ற கம்பளிச் சீருடை அணிந்த பிரிட்டிஷ் காலாட்படை செட் ஒன்று. அதில் ஓடும் பொம்மை ஒன்றும் மண்டியிட்டுச் சுடும் பொம்மை ஒன்றும் இருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் இந்தியப் படைகளும் அதே கம்பளிச் சீருடைதான் அணிந்தன, அதனால் உடையை மாற்றும் வேலை இல்லை.

முதலில் பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கையில் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை வாங்காதீர்கள். பொம்மையோடு வரும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎதிலீன். பையில் மொத்தமாக விற்கும் மெத்தென்ற பச்சைச் சிப்பாய்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மூழ்கி, வளைத்தால் வெள்ளைக் கோடு விழுந்து முறிந்தால் பாலிஸ்டைரீன். மாடல் கிட்டுகள் பெரும்பாலும் இதுதான். மூழ்கியும் ரப்பர் மாதிரி வளைந்தால் பி.வி.சி.

இந்தப் பாடம் பாலிஸ்டைரீனுக்கு. பிளாஸ்டிக் சிமென்ட் அதன் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். பாலிஎதிலீனைச் சாதாரணப் பசை எதுவும் உருப்படியாகப் பிடிக்காது. கம்பி செருகித்தான் இணைக்க வேண்டும், அதற்குப் பிறகும் பெயின்ட் உரியும்.

பழைய ஈய பொம்மைகள் இருந்தால் அவற்றின் பக்கம் ரம்பத்தைக் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டனின் ‘பிரிட்டன்ஸ்’ நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய பொம்மைகளை வார்த்தது. அறுத்த நிமிடமே அவற்றின் சேகரிப்பு மதிப்பு போய்விடும், ஈயத் தூளும் உடம்புக்கு ஆகாது. எந்தச் சேகரிப்புப் பொம்மையானாலும் இரண்டாவது பிரதி கையில் இருந்தால் மட்டும் அறுங்கள். வெட்டிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இன்று வேண்டாத கை நாளை வேறொருவனுக்கு ஆகும்.

அளவையும் பாருங்கள். 175 செ.மீ. ஆள் 1/35-இல் 50 மி.மீ. இருப்பான். ‘54 மி.மீ.’ என்று விற்பவை ஏறத்தாழ 1/32. பக்கத்தில் நிற்க வைத்தால் அந்த 4 மி.மீ. கண்ணை உறுத்தும். கலந்தே ஆகவேண்டும் என்றால் பெரியவனைக் குழியிலோ மண்டியிட்டோ வையுங்கள்.

கருவிகள்

11-ஆம் எண் பிளேடு போட்ட ஹாபி கத்தி, மெல்லிய பல் ரம்பம், கையால் திருகும் சின்ன டிரில், 0.6 மற்றும் 0.8 மி.மீ. துளை ஊசிகள், 400, 600, 1000 எண் உப்புத்தாள், 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி, 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, பிளாஸ்டிக் சிமென்ட், சூப்பர் குளூ, இருகூறு எபாக்ஸி புட்டி.

புட்டி பற்றி ஒரு வார்த்தை. எம்-சீல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது வேகமாக இறுகும், துகளும் சற்றுக் கரடு. இடைவெளி அடைக்கவும் தரை செய்யவும் போதும், துணி மடிப்புக்குச் சரிப்படாது. மடிப்புக்கு மில்லிபுட் போன்ற மாடலிங் புட்டி வாங்குங்கள். தண்ணீர் தொட்டு மழுக்கலாம், ஒரு மணி நேரமாவது வேலை செய்ய அவகாசம் தரும்.

அறுப்பதற்கு முன்: நூல் குண்டு

இந்த வேலையில் பத்தில் ஒன்பது தோல்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரு நூலில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டுங்கள். பொம்மையைப் பக்கவாட்டில் பார்த்து, தொண்டைக்குழிக்கு நேராக நூலைத் தொங்கவிடுங்கள். ஓடுகிறவனுக்கு நூல் முன்பாதத்தையும் தாண்டி விழும். அவன் முன்னால் விழுந்துகொண்டே இருக்கிறான், அதனால்தான் ஓடுகிறான். இரண்டு கால்மேலும் சமமாக நிற்கிறவனுக்குப் பாதங்களின் நடுவில் விழும். கண்ணிவெடி தேடுகிறவனோ சோதிக்காத மண்ணில் தன் எடையை வைக்கவே மாட்டான். அவனுக்கு நூல் பின்காலின் குதிகால் பக்கம் விழவேண்டும். கையில் டிடெக்டர் இருந்தாலும் நூல் முன்னால் விழுந்தால், பார்க்கிறவருக்கு அவன் தோட்டத்தில் புல் வெட்டுகிறவனாகத்தான் தெரிவான்.

ஆக, நாம் மாற்றப்போவது ஆயுதத்தை அல்ல, எடையை. டிடெக்டர் கடைசியில்தான் வரும்.

டிடெக்டர்காரர்: இடுப்பு, கால், கழுத்து

இடுப்பில் பெல்ட்டின் கீழ்விளிம்பை ஒட்டி ரம்பத்தால் அறுங்கள். பெல்ட்டே இணைப்பை மறைத்துவிடும். ரம்பம் தின்னும் 0.3 மி.மீ. அளவைக் கணக்கில் வையுங்கள்.

முன்சாய்ந்த உடலை நிமிர்த்த, வெட்டுமுகத்தின் பின்பக்கத்தில் ஆப்பு வடிவில் சீவ வேண்டும். 1/35-இல் இடுப்பின் முன்பின் கனம் ஏறத்தாழ 7 மி.மீ. அதில் 1 மி.மீ. ஆப்பு எடுத்தால் உடல் 8 டிகிரி நிமிரும். நமக்கு 15 டிகிரி வேண்டும். அதற்காகப் பின்பக்கமே 2 மி.மீ. சீவினால் ஆள் குட்டையாகிவிடுவான். பின்னால் 1 மி.மீ. சீவி, முன்னால் 0.5 மி.மீ. தகட்டை இரண்டாக மடித்து ஆப்பாக வையுங்கள். கோணம் கிடைக்கும், உயரமும் குறையாது.

இரு முகத்திலும் 0.8 மி.மீ. துளையிட்டு 6 மி.மீ. கம்பி செருகுங்கள். துளைகள் நேராக அமைய, ஒரு முகத்தில் துளையிட்டு விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட் தொட்டு மறுமுகத்தில் அழுத்துங்கள், புள்ளி பதியும். சிமென்ட் போட்ட பிறகு ஒரு பத்து நிமிடம் கோணத்தைத் திருத்தலாம். மறுபடியும் நூல் குண்டு. திருப்தியானால் ஒரு நாள் தொடாதீர்கள்.

பின்கால் முழங்கால் ஓட்டத்தில் மடங்கியிருக்கும். அதை நீட்ட, முழங்காலின் பின்புறத்திலிருந்து வெட்டி, முன்புறம் அரை மில்லிமீட்டர் விட்டு, அதையே கீல் போல வைத்துத் திறந்து, இடைவெளியில் புட்டி அடையுங்கள். மடக்க வேண்டுமென்றால் அதே பின்புறத்தில் ஆப்பு எடுத்து மூடுங்கள். 30 டிகிரி மடக்கம் வேண்டுமா, 30 டிகிரி ஆப்பு. இங்கே நடக்கும் பெரிய பிழை, காற்சட்டை மறைப்பதால் தொடையின் நடுவிலேயே வளைத்துவிடுவது. மூட்டு இல்லாத இடத்தில் மடங்கிய காலை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. வெட்டுமுன் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் பென்சிலால் குறியுங்கள்.

பின்பாதம் நுனிக்காலில் இருக்கும். கணுக்காலில் வெட்டி முழுப்பாதமும் தரையில் படியத் திருப்புங்கள். முன்பாதம் லேசாகத் தொட்டால் போதும். இரண்டு பாதத்தின் அடியிலும் 0.8 மி.மீ. துளையிட்டு 10 மி.மீ. கம்பி வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது பிடி, பிறகு தரையில் செருகும் வேர்.

தலையைக் காலர் கோட்டில் வெட்டுங்கள். பார்வை, டிடெக்டர் தண்டின் நுனியில் இருக்கும் தேடு தட்டின் மேல் விழவேண்டும். அது அவன் காலுக்குச் சில அடி முன்னால் தரையில் இருக்கிறது, அதனால் தலையைக் கிட்டத்தட்ட 30 டிகிரி கவிழ்க்க வேண்டும். மோவாய் காலரை நெருங்கலாம், ஒட்டக்கூடாது. பக்கத்தில் திருப்பினால் தோளுக்கு நேராகும் முன்பே நிறுத்துங்கள். முழுசாகத் தோளுக்கு நேராகத் திரும்பிய கழுத்து, உடைந்த கழுத்தாகவே தெரியும்.

கைகள்

தோளிலிருந்து முழங்கை 9 மி.மீ., முழங்கையிலிருந்து மணிக்கட்டு 7 மி.மீ., கை 5 மி.மீ. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் குறித்துப் பக்கத்தில் வையுங்கள். வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் தொலையும். மூன்று வெட்டில் கை குழந்தைக் கையாகிவிடும்.

துப்பாக்கி பிடித்த விரல்களைப் பிரிக்காதீர்கள். மூடிய கைப்பிடிக்குள் 0.8 மி.மீ. துளையிட்டால் டிடெக்டர் தண்டு அதிலேயே நுழையும்.

டிடெக்டர்

போலிஷ் பொறியாளர் யூசெஃப் கோசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் வடிவமைத்த கருவி இது. 1942-இல் எகிப்தில் நடந்த எல் அலமைன் போரில் பயன்பட்டது. மொத்த எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஆள் தூக்க முடிந்ததுதான் அதன் பெருமை, ஆனால் அந்த எடையும் நிற்கிற நிலையில் தெரியவேண்டும். மின்பெட்டி இருக்கும் பையின் பக்கத்துத் தோளைச் சிறிது உயர்த்திவிடுங்கள்.

தண்டுக்கு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. பிளாஸ்டிக் தண்டு வெயிலில் தொய்யும். தேடு தட்டின் அளவை நீங்கள் வைத்திருக்கும் புகைப்படத்தில் பக்கத்து ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். ஆள் 50 மி.மீ. என்று வைத்து மற்றதை விகிதத்தில் கணக்கிடலாம். ஹெட்போனுக்கு 1.5 மி.மீ. வட்டத் தகடுகள் இரண்டு. ஒயருக்குப் பழைய இயர்போனைப் பிரித்தால் வரும் செப்பு இழை. ஒயர் விறைப்பாக நிற்கக்கூடாது. பென்சில் நுனியில் லேசாகச் சுற்றி எடுத்தால் தொங்கும்.

குத்திப் பார்க்கிறவர்

இவர் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மனியின் ஷூ-மைன் 42 என்ற கண்ணிவெடி மரப்பெட்டியில் வந்தது. அதில் உலோகம் மிகக் குறைவு, டிடெக்டர் அதைக் கண்டுபிடிப்பது கடினம். பயனெட்டால் குத்தித்தான் தேட வேண்டும்.

மண்டியிட்டுச் சுடும் பொம்மையின் இடுப்பில் இந்த முறை முன்பக்கம் ஆப்பு எடுங்கள். ஒரு கை தரையில் ஊன்றட்டும், மறு கையில் பயனெட். அது தரைக்கு 30 டிகிரி சாய்வாக இருக்கவேண்டும். செங்குத்தாக வைத்துவிடுவார்கள், பார்க்கவும் வீரமாக இருக்கும். ஆனால் செங்குத்தாகக் குத்தினால் முனை கண்ணிவெடியின் தலையில்தான் அழுத்தும். சாய்வாகக் குத்தினால் பக்கவாட்டில் முட்டும், அதுதான் பிழைக்கிற வழி.

புட்டியும் மடிப்பும்

இரண்டு நாள் வேலை. முதல் நாள் இடைவெளிகளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை அடைத்து இறுக விடுங்கள். மறுநாள் மேலே மெல்லிய அடுக்கு போட்டு, நனைத்த பல்குச்சியால் மடிப்பு இழுங்கள். ஒரே நாளில் செய்தால், மடிப்பு இழுக்கும்போது அடியில் இருப்பதும் நகரும். மடிப்புகள் முழங்கால் பின்புறத்திலிருந்தும் முழங்கை உட்புறத்திலிருந்தும் விசிறி போல விரியும். கம்பளித் துணி கனமானது, அதனால் மடிப்பு குறைவாகவும் தடித்தும் இருக்கட்டும்.

பெயின்ட்

சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே அடித்தால் வெண்மூட்டம் படியும். மழைவிட்டு நன்றாகக் காய்ந்த நாளின் நண்பகலில் அடியுங்கள், அல்லது தூரிகையால் பூசுங்கள்.

தோலுக்குப் பெட்டி அட்டையில் சொல்லும் இளஞ்சிவப்பு ஆகாது. அடர்பழுப்பு மூன்று பங்கு, செம்பழுப்பு இரண்டு பங்கு. மூக்கு, கன்ன எலும்பு, விரல் முட்டிகளில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலக்காதீர்கள், முகம் சாம்பல் பூத்துவிடும். மஞ்சள்பழுப்பைக் கலக்குங்கள். தோள்பட்டையில் கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு, 4-வது டிவிஷனின் சின்னம். 2 மி.மீ. இடத்தில் கழுகு வரையத் தேவையில்லை, சிவப்பாக ஒரு ‘வி’ போட்டால் போதும்.

தரையில் நிறுத்துதல்

12 × 12 செ.மீ. பலகை. தோட்டத்து மண்ணைப் பழைய வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். வறுக்காவிட்டால் சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் அடர்பழுப்பு அக்ரிலிக், இவற்றோடு மண்ணைக் குழைத்து 4 மி.மீ. கனத்துக்குப் பரப்புங்கள்.

ஈரம் இருக்கும்போதே பொம்மையின் கம்பிகளைச் செருகி, பாதத்தை அழுத்துங்கள். பின்பாதம் ஒரு மில்லிமீட்டர் புதையவேண்டும், முன்பாதம் புதையவே கூடாது. இடுப்பில் பட்ட பாடெல்லாம் கண்ணுக்குத் தெரிவது இந்த ஒரு மில்லிமீட்டரில்தான். விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். பாதத்தடியில் ஒளிக்கீற்று தெரிந்தால் ஆள் மிதக்கிறான், ஊசிமுனையால் மண் குழம்பை உள்ளே தள்ளுங்கள்.

ஜெர்மனியின் டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியான டெல்லர்மைன் 42-இன் விட்டம் 32 செ.மீ., நம் அளவில் 9 மி.மீ. சட்டைக் காலரின் சின்னப் பொத்தான் அச்சாக அந்த அளவு. ஓட்டைகளைப் புட்டியால் அடைத்து, ஓரம் மட்டும் தெரியப் புதையுங்கள். ஒன்று போதும், பயனெட் முனைக்கு முன்னால். சோதித்த பாதையைக் காட்டும் வெள்ளை நாடாவை டிஷ்யூ தாளில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து விரியுங்கள். நாடா இருவருக்கும் பின்னால் மட்டுமே இருக்கவேண்டும். டிடெக்டருக்கு முன்னால் நாடா ஓடினால், அங்கே தேட எதுவும் மிச்சமில்லை.