தரைக்குக் காலை வெயில், சுவருக்கு உச்சி வெயில்: புதுச்சேரியில் ஒளியும் நிழலும் படம் எடுக்கப் பழகலாம்

படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: காலையில் எடு, மாலையில் எடு, நடுப்பகலில் கேமராவைத் தொடாதே. முகங்களைப் பொறுத்தவரை சரி. உச்சி வெயிலில் கண்ணுக்குழி கறுத்துப்போகும். ஆனால் சுவர், கதவு, கல், மணல், மீன்வலை என்று பொருள்களின் சொரசொரப்பைப் பிடிக்க வந்தால் இந்த அறிவுரை பாதிதான் உண்மை. மணி என்ன என்பதைவிட, வெயில் அந்தப் பரப்பின்மேல் எந்தச் சாய்வில் விழுகிறது என்பதே முக்கியம். இது பிடிபட்டால் புதுச்சேரியில் பகல் முழுக்க எடுக்க ஏதாவது இருக்கும்.

செல்போனே போதும். பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி தனியாகச் சொல்கிறேன்.

படி 1: இன்று இரவு, வீட்டுச் சுவரில்

அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சுவருக்கு நேர் எதிரே நின்று அடியுங்கள். சுவர் வழவழவென்று தெரியும். இப்போது டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். கரணை ஓடிய தடம், ஆணி பிடுங்கி அடைத்த இடம் எல்லாம் எழுந்து வரும். பெயின்ட் வேலைக்கு வருகிறவர்கள் பட்டி பார்த்த சுவரில் பல்பை ஓரமாகப் பிடித்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான். ஒளி சரிந்து விழும்போது ஒவ்வொரு சின்ன மேடும் பக்கத்தில் ஒரு நிழலை விடுகிறது. அந்த நிழல்களைத்தான் நாம் சொரசொரப்பாகப் பார்க்கிறோம்.

இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டுப் படிக்காதீர்கள். மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சிதான். டார்ச்சுக்குப் பதில் சூரியன்.

படி 2: போனைத் தயார் செய்தல்

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே உப்புப் படலம் ஏறிவிடும். செட்டிங்ஸில் கட்டக் கோடுகளை இயக்கி வையுங்கள்.

அப்புறம் முக்கியமானது. படத்தில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுங்கள். இன்றைய போன்கள் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, நிழலையெல்லாம் வெளுக்கப் பார்க்கும். நமக்கு வேண்டியதோ கறுப்பு கறுப்பாகவே இருப்பது.

பெரிய கேமரா என்றால் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் 1/400 நொடி என்று தொடங்கி, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: காலையில் தரையைப் பாருங்கள்

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. மே மாதம் 5.45 வாக்கிலும், ஜனவரியில் 6.30 தாண்டியும் சூரியன் கடலிலிருந்து எழும். அதிலிருந்து ஏறக்குறைய 45 நிமிடத்தில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்துக்கு வரும். அப்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள மணல் வரிகூட இந்த நேரத்தில் குன்று மாதிரி நிற்கும். மே மாதம் ஒன்பது மணி தாண்டினால், ஜனவரியில் பத்து மணி தாண்டினால் நிழல் பொருளின் உயரத்துக்குச் சுருங்கிவிடும், மணல் தட்டையாகிவிடும்.

சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். போதாக்குறைக்கு உங்கள் நிழலே படத்துக்குள் வந்து நிற்கும்.

ஒரு வேடிக்கை: கால்தடங்களை மேலிருந்து எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் எதிர்பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பள்ளம் பள்ளமாகவே தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் வரும் பக்கம் படத்தின் மேல்பக்கமாக இருக்கட்டும்.

வாசல் கோலமும் இந்த நேரத்துக்கு உரியதுதான். தரையோடு தரையாகப் போனை வைத்தால் மாவுக்கோட்டின் உயரமே தெரியும். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 4: உச்சியில் சுவரைப் பாருங்கள்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி எல்லாம் கடலுக்கு இணையாக, கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுபவை. கிழக்கு பார்த்த மஞ்சள் சுவர்மீது காலை ஏழு மணி வெயில் நேர் எதிரே வந்து விழுகிறது. படி 1இல் நேராக அடித்த டார்ச்சேதான். நிறம் அழகாக இருக்கும், சொரசொரப்பு இருக்காது. ஆனால் அதே சுவரில் பதினொரு மணிக்குமேல் வெயில் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும். உப்புக்காற்றில் உரிந்த சுண்ணாம்பின் ஓரம், ஜன்னல் பலகைகளின் அடுக்கு, கதவின் குமிழ் ஒவ்வொன்றும் கீழே நீளமாக ஒரு நிழலை இழுக்கும்.

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. புதுச்சேரி அதற்கு மேற்கே இருப்பதால் நம் உச்சி சராசரியாக 12.10 வாக்கில் வரும். அதுவரை கிழக்கு பார்த்த சுவர். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம், மேற்கு பார்த்த சுவர். வீதிகள் சற்றே சாய்ந்திருப்பதாலும், பருவம் மாறுவதாலும் அரை மணி வரை முன்பின் ஆகும். ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, எதிரே நிழலில் நின்றுகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுங்கள். வெயில் சுவரைவிட்டுப் போகும் கடைசி நிமிடங்களில்தான் நல்ல படம் கிடைக்கும்.

வைசியாள் வீதி போல் கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்குக் கணக்கு வேறு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சியில்கூட 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே தெற்கு பார்த்த திண்ணைகளுக்குள் வெயில் நன்றாகப் புகும். தூண் நிழல் திண்ணையில் படுக்கும். மே, ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். வடக்கு பார்த்த சுவர்களுக்கு உரசல் வெயில் கிடைப்பது அப்போதுதான்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள செதுக்கிய கருங்கல் தூண்களும் நல்ல பயிற்சி. தூணைச் சுற்றி வாருங்கள். வெயில் உரசும் முகம் ஒன்று எப்படியும் அகப்படும்.

தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். உச்சி வெயில் என்று சொல்லிவிட்டேனே தவிர, மே மாதத்தில் இதைத் தொடங்கச் சொல்ல மாட்டேன். தை, மாசி போதும்.

படி 5: நிழலையே எடுங்கள்

இதுவரை நிழல் துணைக்கு வந்தது. இனி அதுவே படம். கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடுச்சாலையில் தைரியமாகக் குந்தலாம். நடைப்பயிற்சிக்காரர்களின் நிழல் ஊர்ப்பக்கமாக நீண்டு விழும். ஆளை வெட்டிவிட்டு, நிழலையும் செருப்பையும் மட்டும் படத்துக்குள் வையுங்கள். சைக்கிள் நிழல் சைக்கிளைவிட அழகு. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 தேதிகளை ஒட்டி உச்சியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அன்று மாடியில் ஒரு சொம்பை வைத்து எடுத்துப் பாருங்கள்.

படி 6: நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

புதியவர்களின் படங்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் எல்லாமே நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்தவை என்பதுதான். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்கு ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிடும். மழை விட்டபின் தேங்கிய சிறு குட்டையின் ஓரத்தில் இப்படி வைத்தால் முழு வீடும் தண்ணீருக்குள் தெரியும். கடலூர் துறைமுகத்தில் வலைக்குவியலை நேர் மேலிருந்து எடுங்கள், படகின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து எடுங்கள். வலை பின்னுகிறவர்கள் வேலையில் இருப்பார்கள், குறுக்கே நிற்காதீர்கள்.

படி 7: வீட்டுக்கு வந்தபின்

நல்லதாக மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தனி ஆல்பத்தில் தள்ளுங்கள். சொரசொரப்புப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மஞ்சள் சுவரின் கவர்ச்சி போனபின்பும் படம் நின்றால் சரி. திருத்தும்போது கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை) கொஞ்சம் ஏற்றுங்கள், ஷேடோஸை (நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை) கொஞ்சம் இறக்குங்கள். ஆட்டோ பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். பெரும்பாலும் அது முதலில் செய்வதே நிழலை வெளுப்பதுதான்.