பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் வாங்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு தம்பி அவங்க தாத்தா ஓட்டின மேசி 1035-ஐ புதுசாக்கறேன்னு மூணு டப்பாவோட பட்டறையில நின்னான், திருப்பிப் பாத்தா ஒண்ணு சிந்தெடிக் எனாமல், ஒண்ணு என்சி (சீக்கிரம் காயற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்), ஒண்ணு பியு (ஹார்ட்னர்ங்கற கெட்டியாக்கற திரவம் கலந்து அடிக்கற பாலியூரித்தேன் பெயிண்ட்), கேட்டா "எல்லாம் செவப்புதானேண்ணா"ங்கறான். எட்டு வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான் நின்னேன். துருவத் தேய்க்கணும், தூசியில அடிக்கக் கூடாதுங்கறதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, அத விடுங்க.

எனாமல் மேல பியு அடிக்கறது

இத நெனச்சா இன்னும் எரிச்சல்தான். மலிவா முடிக்கலாம்னு பானெட்டுக்கு எனாமல் அடிச்சேன், மினுமினுப்பு பத்தல, ஒரு வாரம் கழிச்சு அது மேலயே பியு அடிச்சேன். அடியில என்ன இருக்குன்னு கடையிலயும் யாரும் கேக்கல, நானும் சொல்லல. அடிச்சதும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, டீ குடிச்சுட்டு வந்து பாத்தா பானெட் முழுக்க பாலாடை மாதிரி சுருங்கிக் கெடக்கு. எனாமல் காத்த இழுத்து மெதுவா காயற ரகம், தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள வாரக்கணக்குல பச்சையாவே இருக்கும், பியு தின்னர் வீரியமானது, எறங்கி அடிக்கோட்ட ஊறவெச்சுத் தூக்கிடும். பெயிண்ட், ஹார்ட்னர் காசு போனது போக, ரிமூவர் போட்டு தகரம் வரைக்கும் சொரண்டவே மூணு நாள், கையெல்லாம் எரிச்சல்.

அதனால மொதல்ல வெள்ளத் துணியில என்சி தின்னர நனச்சு, மறைவான எடத்துல பழைய பெயிண்ட் மேல கொஞ்ச நேரம் வெச்சுப் பாருங்க. கலர் கரைஞ்சு துணியில வந்தா பெரும்பாலும் என்சி, சுருங்கினா எனாமல், அசையலன்னா ஹார்ட்னர் போட்ட பெயிண்ட்டா இருக்கும். எனாமல்னா திரும்ப எனாமலே அடிங்க, பியுதான் வேணும்னா மொத்தத்தையும் எடுத்துட்டு தகரத்து மேல மொதல்ல அடிக்கற எபாக்ஸி ப்ரைமர்லேர்ந்து ஆரம்பிங்க.

போன்ல போட்டோ காட்டி கலர் கேக்கறது

ஒவ்வொரு போன்லயும் ஒரு செவப்பு தெரியும். பேட்டரி பெட்டிக்குப் பின்னாடி மாதிரி வெயில் படாத எடத்த பாலிஷ் போட்டுத் தேச்சா பழைய கலர் வெளிய வரும், அந்தத் துண்ட கழட்டி கடைக்கே எடுத்துட்டுப் போங்க.

ஹார்ட்னர கண்ணால அளக்கறது

டப்பாவுல 4:1னு போட்டிருந்தா, நாலு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், 4:1தான். கூடவே, ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற, மூச்சுல போனா கெடுதல் பண்ற ரசாயனம் இருக்கு, மூஞ்சில கர்சீஃப் கட்டினா பத்தாது, பெயிண்ட் அடிக்கறதுக்குன்னே வர்ற மாஸ்க் வாங்குங்க.

சைலன்சர்

ஹீட் ப்ரூஃப் மட்டும். சாதா பெயிண்ட் மொத உழவுலயே கருகிடும்.

ரேடியேட்டர் சல்லடை

தடிமனா அடிக்காதீங்க, சூடு எறங்காது.