நேட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டனைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் வளர்ந்ததும் கேட்கும் கேள்வி, "இந்தியாவில நம்ம ஊர் எது?" என்பதுதான். கண்டுபிடிக்கலாம். ஆனால் பலரும் கவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இன்றைய குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு தேடி ஓய்ந்துபோகிறார்கள். கப்பலேறியபோது நம்மவர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; தன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். மற்றது இங்கே வந்தபிறகு ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்குச் சாதிப் பெயரும் தம்பிக்கு அப்பா பெயரும் ஒட்டியதால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பமாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் எண்ணைத் தேடுங்கள். 1860 முதல் 1911 வரை கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு 'கொலோனியல் நம்பர்' என்ற பதிவு எண் போட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளையின் பழைய பதிவுத் தாளில்கூட அப்பாவின் எண் இருக்கும். எங்கள் வீட்டில் அது பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்தது, நாலாக மடித்த கல்யாணப் பதிவுத் தாளில். மடிப்பு விழுந்த இடத்தில் நடு இலக்கம் தேய்ந்து, 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. கப்பல் பட்டியலில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். 8 போட்டதும் வந்த வரியில் அங்க அடையாளம் "இடது முழங்காலில் தழும்பு" என்றிருந்தது. தன் அப்பாவின் முழங்கால் தழும்பைப் பற்றிப் பாட்டி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு அழுதுவிட்டாள்.

தாள் எதுவும் இல்லையா? பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் கேளுங்கள். அதிலுள்ள மரண அறிவிப்பில் பெற்றோர், பிள்ளைகள் பெயர் வரும். அப்புறம் கப்பல் பட்டியல். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் விசாரியுங்கள். வயது, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், எந்த முதலாளியிடம் போனார் என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். பெயரைக் காதால் கேட்டு எழுதியிருப்பதால் முனுசாமி மூன்சாமியாகவும் குப்புசாமி கூப்பூசாமியாகவும் இருப்பார்கள், ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கிடைத்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படியுங்கள், மனைவியோ தம்பியோ பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

வீட்டில் சொல்லும் வருஷத்தை அப்படியே நம்ப வேண்டாம். மதராஸிலிருந்து வந்த முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16-இல் டர்பனுக்கு வந்தது. 1866-க்குப் பிறகு 1874 வரை ஆள் எடுப்பதே நின்றிருந்தது, ஆகவே "தாத்தா ஒப்பந்தத்தில் 1870-ல வந்தார்" என்றால் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சொந்தக் காசில் வந்த வியாபாரிகள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

ஊரைத் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் அது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலையாகவும் இருக்கலாம், ஆந்திராவின் சித்தூராகவும் இருக்கலாம். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும், தாலுகாவைப் பிடித்துக்கொண்டால்தான் பிழைத்தீர்கள். கிராமத்துக்குப் போனதும் எண்ணைச் சொல்லாதீர்கள், அங்கே அது யாருக்கும் தெரியாது. கோயில் பூசாரியிடமும் வயதானவர்களிடமும் பூட்டனுடைய அப்பா பெயரையும், இங்கே வீட்டில் இன்றுவரை கும்பிடும் குலதெய்வத்தின் பெயரையும் சொல்லுங்கள்.