நோட்டீஸ் போர்டுல இருந்து லேப் வரைக்கும்: கெமிஸ்ட்ரி பசங்க சம்மர் ரிசர்ச்சுக்கு அப்ளை பண்றது எப்படி

நவம்பர் பொறந்தா போதும், கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல சம்மர் ஃபெலோஷிப் (கோடை லீவுல ஸ்டைபண்டோட ஒரு லேப்ல ரிசர்ச் பண்றது) அறிவிப்பு ஒண்ணு மேல ஒண்ணா குத்தி வெச்சிருப்பாங்க, நம்ம பசங்க பாதிப்பேரு "இதெல்லாம் ஐஐடிகாரங்களுக்குப்பா"ன்னு சொல்லிட்டு கேன்டீன் பக்கம் போயிடுவாங்க. ஆனா ஐஐடி மெட்ராஸ் நடத்துற சம்மர் ஃபெலோஷிப்புக்கு ஐஐடி பசங்க அப்ளையே பண்ண முடியாது, அது வெளி காலேஜ் பசங்களுக்குன்னே வெச்சது. பிஎஸ்சி, எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிற, இதுவரைக்கும் எதுக்கும் அப்ளை பண்ணாத ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஸ்டெப் 1: எங்கெங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

பெரிய கடல் இது, ஆரம்பத்துக்கு நாலு இடம் போதும். முதல்ல பெங்களூரு இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் (சர் சி.வி. ராமன் 1934ல ஆரம்பிச்சது), டெல்லியில இருக்குற இன்சா (இந்தியன் நேஷனல் சயின்ஸ் அகாடமி), பிரயாக்ராஜ்ல இருக்குற நாசி (நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ்) மூணும் சேர்ந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப். ரெண்டு மாசம், ஸ்டைபண்ட் உண்டு, ரயில் செலவும் குடுப்பாங்க, நாட்டுல பல ஊர்ல இருக்குற விஞ்ஞானிங்க கிட்ட அனுப்புவாங்க. ரெண்டாவது பெங்களூரு ஜக்கூர்ல இருக்குற ஜேஎன்சிஏஎஸ்ஆர் (ஜவஹர்லால் நேரு பேருல இருக்குற ரிசர்ச் சென்டர்), கெமிஸ்ட்ரி பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் முன்னாடி நின்னு கட்டுன இடம், அங்க சம்மர் ஃபெலோஷிப்பும் இருக்கு, பிஎஸ்சி பசங்களை எடுத்து அடுத்தடுத்த கோடை லீவுல வரவெச்சு வேலை கத்துக்குடுக்குற பிஓசிஇன்னு ஒரு திட்டமும் இருக்கு. அப்புறம் மும்பை டிஐஎஃப்ஆரோட (டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபண்டமெண்டல் ரிசர்ச்) விஎஸ்ஆர்பிங்கிற கோடை ரிசர்ச் திட்டம். நாலாவது மேல சொன்ன ஐஐடி மெட்ராஸ்.

நம்ம ஊர்லயே காரைக்குடி செக்ரி (எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்கான மத்திய அரசு லேப்), அடையாறு சிஎல்ஆர்ஐ (தோல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கே, அதை மறந்துட்டு எல்லாரும் பெங்களூருக்கே ஓடுறாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து வந்ததுதான் செக்ரி, பேட்டரி, அரிமானம், எலக்ட்ரோபிளேட்டிங்னு எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பிடிச்சவங்களுக்கு தமிழ்நாட்டுல அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

ஸ்டெப் 2: அறிவிப்பை கடைசி வரி வரைக்கும் படிங்க

லாஸ்ட் டேட் மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. முதல்ல பார்க்க வேண்டியது யார் அப்ளை பண்ணலாம்ங்கிறது. ஐஐடி மெட்ராஸ் ஃபெலோஷிப்புல சயின்ஸ் பசங்கன்னா எம்எஸ்சி முதல் வருஷம்தான், பிஎஸ்சிக்கு கிடையாது, இது தெரியாம ஃபார்ம் முழுக்க நிரப்பிட்டு கடைசியில தலையில கை வெச்சு உக்காந்தவங்களைப் பார்த்திருக்கேன். அரியர் இருந்தா என்ன, சிஜிபிஏ குறைஞ்சபட்சம் எவ்வளவு, ப்ரோகிராம் என்னைக்கு ஆரம்பிச்சு என்னைக்கு முடியுது, இதெல்லாம் அங்கதான் இருக்கும்.

தேதி விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். நம்ம யுனிவர்சிட்டி செமஸ்டர் எக்ஸாம் ஏப்ரல், மே வரைக்கும் இழுக்கும், ஜூன் நடுவுல காலேஜ் திறந்துடும், ரெண்டு மாச ப்ரோகிராம் அதுக்குள்ள அடங்காது. அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஹெச்ஓடிகிட்ட போயி "சார், செலக்ட் ஆனா ஜூன்ல ஓடி (ஆன் டூட்டி) கிடைக்குமா"ன்னு கேட்டு வெச்சுக்கோங்க, செலக்ட் ஆனதுக்கு அப்புறம் கேட்டா அட்டெண்டன்ஸ் பஞ்சாயத்துல மாட்டிப்பீங்க.

ஸ்டெப் 3: பேப்பர்ஸ்

எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஒரே பிடிஎஃப்பா, போனஃபைட், போட்டோ, சில இடத்துக்கு காலேஜ்ல இருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர்). இதுல ஒரே ஒரு தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா இருக்கும், ஸ்டைபண்ட் போடும்போது பேரு மேட்ச் ஆகலன்னு திரும்பி வரும். மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அதையே எல்லா ஃபார்ம்லயும் போடுங்க, பேங்க்ல மாத்தணும்னா இப்பவே மாத்திடுங்க.

ஸ்டெப் 4: ரெக்கமண்டேஷன் லெட்டர்

பல போர்ட்டல்ல நீங்க சார் இல்ல மேடமோட மெயில் ஐடியைக் குடுத்தா அவங்களுக்கே நேரா லிங்க் போகும், அவங்க அப்லோட் பண்ணாதான் உங்க அப்ளிகேஷன் முழுசாகும். அந்த மெயில் ஸ்பேம்ல போயி உக்காந்திருக்கும், மேடம் வேல்யுவேஷன் டூட்டில இருப்பாங்க. ரெண்டு வாரம் முன்னாடியே நேர்ல போயி கேளுங்க, போகும்போது உங்க மார்க், செஞ்ச ப்ராஜெக்ட், செமினார் டாபிக் எல்லாம் ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, இல்லன்னா "ஒழுக்கமான மாணவர்"னு ரெண்டு வரியோட முடிஞ்சிடும். ஹெச்ஓடிதான் குடுக்கணும்னு இல்ல. உங்களை லேப்ல பக்கத்துல நின்னு பார்த்த ஆள் எழுதுற லெட்டருக்குத்தான் மதிப்பு.

ஸ்டெப் 5: ரைட்-அப்பும் மெயிலும்

இங்கதான் பாதிப்பேரு கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பேசலாம். "சின்ன வயசுல இருந்தே கெமிஸ்ட்ரின்னா எனக்கு உயிர்"னு ஆரம்பிக்காதீங்க, படிக்கிறவரு அன்னைக்கு மட்டும் அதே வரியை நூறு தடவை பார்த்திருப்பாரு. அதுக்குப் பதிலா நீங்க லேப்ல கையால செஞ்ச ஒண்ணை எடுங்க. உதாரணத்துக்கு பொட்டென்ஷியோமெட்ரிக் டைட்ரேஷன் (வோல்டேஜ் ரீடிங்கை வெச்சு எண்ட் பாயிண்ட் கண்டுபிடிக்கிறது), ஃபெரஸ் அயனுக்கு எதிரா பொட்டாசியம் டைக்ரோமேட், பிளாட்டினம் எலக்ட்ரோடு, ரெஃபரன்ஸுக்கு கலோமெல் எலக்ட்ரோடு. ஒவ்வொரு எம்எல்லா விடும்போது ரீடிங் ஆமை மாதிரி நகரும், எண்ட் பாயிண்ட் கிட்ட 0.1 எம்எல் விட்டாலே திடீர்னு எகிறும். அந்தக் குதிப்பு ஏன்னு நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை (அயன் செறிவு மாறினா வோல்டேஜ் எப்படி மாறும்னு சொல்றது) வெச்சு ரெண்டு வரில உங்க வார்த்தையில எழுதுங்க. அப்புறம் அந்த டைக்ரோமேட் விஷமாச்சே, ஆறு வேலன்ஸ் குரோமியம் கேன்சர் வரவைக்கிற சமாச்சாரம், லேப் முடிஞ்சதும் அது எங்க போகுதுன்னு யோசிச்சீங்களா? யோசிச்சிருந்தா தண்ணில இருந்து குரோமியத்தை எடுக்குற வேலை பண்ற ஒரு பேராசிரியருக்கு எழுத உங்களுக்கு காரணம் கிடைச்சாச்சு.

அந்த பேராசிரியரை எப்படி கண்டுபிடிக்கிறது? இன்ஸ்டிட்யூட் சைட்டுல ஃபேகல்ட்டி பக்கத்துக்குப் போங்க, உங்களுக்குப் புரியுற தலைப்புல வேலை பண்றவங்க மூணு நாலு பேரை எடுங்க, ஒவ்வொருத்தரோட சமீபத்திய பேப்பர் ஒண்ணோட அப்ஸ்ட்ராக்ட்டும் முதல் படமும் பாருங்க. முழுசா புரியணும்னு கட்டாயமே இல்ல, ஒரு கேள்வி தோணினா போதும்.

மெயில் சப்ஜெக்ட்ல படிப்பு, காலேஜ், எந்த மாசம்னு போடுங்க. உள்ள முதல் வரில யாரு, ரெண்டாவது வரில என்ன கேக்குறீங்க, அப்புறம் அந்த பேப்பர்ல எது உங்களை இழுத்துச்சு, லேப்ல என்ன தெரியும் (தெரியாததைத் தெரியும்னு போடாதீங்க, மூலக்கூறோட அமைப்பைக் காட்டுற என்எம்ஆர் மெஷினை படத்துல மட்டும் பார்த்துட்டு "கையாளத் தெரியும்"னு எழுதினா முதல் நாளே மானம் போயிடும்), கடைசியில ரெஸ்யூமே இணைச்சிருக்கேன்னு முடிங்க. மொபைல்ல ஸ்க்ரோல் பண்ணாம படிக்கிற அளவுக்கு இருந்தா நல்லது. நாப்பது பேருக்கு பிசிசி போட்டு ஒரே மெயில் அனுப்புறது, மேடத்துக்கு "டியர் சார்"னு அனுப்புறது, ரெண்டுமே நேரா குப்பைக்குத்தான். பதில் வரலன்னா பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு ரிமைண்டர், அதோட விட்டுடுங்க, கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 6: டுபாக்கூரை அடையாளம் கண்டுக்கோங்க

"ஏழே நாள்ல ரிசர்ச் இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட் உறுதி"ன்னு வர்றதுல லேபே இருக்காது. ஃபீஸ் கேட்டாலே ஏமாத்துன்னும் சொல்ல முடியாது, சில அரசு லேப்ல ப்ராஜெக்ட் பண்ண ஃபீஸ் உண்டு, ஆனா அது நிறுவனத்தோட கணக்குக்குப் போகும், ரசீது வரும். யாரோ ஒருத்தரோட ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. அறிவிப்பு பிடிஎஃப்பா வந்தா அதே அறிவிப்பு அந்த நிறுவனத்தோட சொந்த சைட்டுல இருக்கான்னு பாருங்க, முகவரி பெரும்பாலும் ஏசி டாட் இன், ரெஸ் டாட் இன்னுதான் முடியும்.

ஸ்டெப் 7: செலக்ட் ஆயிட்டா

அன்னைக்கே வர்றேன்னு பதில் போடுங்க, ஹாஸ்டல் இருக்கான்னு அதுலயே கேளுங்க, எல்லா இடத்துலயும் தரமாட்டாங்க. ரெண்டு இடத்துல கிடைச்சா ஒண்ணை உடனே வேண்டாம்னு சொல்லிடுங்க, வெயிட்டிங்ல இருக்குற இன்னொரு பையனுக்கோ பொண்ணுக்கோ அது போகும். ரயில் டிக்கெட் இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, மே மாசக் கூட்டத்துல காலையில எட்டு மணிக்கு உக்காந்து போட்டாத்தான் பெர்த் கிடைக்கும். பையில லேப் கோட், காட்டன் டிரஸ், கால் முழுக்க மூடுற ஷூ, செருப்போட வந்தா எந்த சிந்தெடிக் லேப்லயும் உள்ள விடமாட்டாங்க.