உயர் அழுத்தத் திரவத்தின் என்தால்பியை அட்டவணையின்றி மதிப்பிடுதல்

பல திரவங்களுக்குத் தெவிட்டிய நிலை (திரவம் கொதிக்கும் விளிம்பில் இருக்கும் நிலை) அட்டவணை மட்டுமே கிடைக்கும். அதைவிட உயர்ந்த அழுத்தத்தில் உள்ள திரவத்துக்கு அட்டவணை இருப்பதில்லை. அப்போது, அதே வெப்பநிலையில் உள்ள தெவிட்டிய திரவத்தின் மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதே அழுத்தத்துக்குரிய வரிசையை எடுத்துவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. திரவத்தின் அக ஆற்றல் வெப்பநிலையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது, அழுத்தத்தை மிகக் குறைவாகவே சார்ந்திருக்கிறது.

கனஅளவு, அக ஆற்றல், என்ட்ரோபி ஆகிய மூன்றையும் பெரும்பாலான கணக்குகளில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என்தால்பி என்பது அக ஆற்றலோடு அழுத்தம், கனஅளவு ஆகியவற்றின் பெருக்கலைக் கூட்டிய அளவு; எனவே அதற்கு மட்டும் திருத்தம் வேண்டும். அழுத்தம் தெவிட்டிய அழுத்தத்தைவிட எத்தனை கிலோபாஸ்கல் மிகுதியோ, அதை ஒரு கிலோகிராம் திரவத்தின் கனஅளவால் பெருக்கிக் கூட்டுவது வழக்கம்.

80 டிகிரி செல்சியஸில், 5000 கிலோபாஸ்கலில் உள்ள நீரைப் பார்ப்போம். தெவிட்டிய என்தால்பி கிலோகிராமுக்கு 335.02 கிலோஜூல், கனஅளவு 0.001029 கனமீட்டர், தெவிட்டிய அழுத்தம் 47.4 கிலோபாஸ்கல். திருத்தம் 5.10 ஆவதால் விடை 340.12 என வருகிறது. நீருக்கு உயர் அழுத்த அட்டவணையும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது: அதில் உள்ள மதிப்பு 338.96.

எஞ்சும் பிழைக்குக் காரணம், திரவம் வெப்பத்தால் விரிவடைவதைக் கணக்கில் சேர்க்காததே. பரும விரிவு குணகத்தை (ஒரு டிகிரி உயர்வுக்குக் கனஅளவு எந்த விகிதத்தில் கூடுகிறது என்பதை) கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, அதை 1-இலிருந்து கழித்து, வரும் எண்ணால் திருத்தத்தைப் பெருக்கினால் பிழை ஏறத்தாழ மறைந்துவிடும். குணகத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை: 70 டிகிரியில் 0.001023, 90 டிகிரியில் 0.001036 என அதே அட்டவணை தரும் கனஅளவுகளின் வேறுபாட்டை 20-ஆலும், பின்னர் 0.001029-ஆலும் வகுத்தால் 0.00063 கிடைக்கிறது. இதை 353 கெல்வினால் பெருக்கினால் 0.22, எனவே திருத்தம் 3.96 ஆகச் சுருங்கி, விடை 338.98 ஆகிறது.

இந்தப் படியை வெப்பநிலை உயரும்போது விட்டுவிடக் கூடாது. 200 டிகிரியில், அதே 5000 கிலோபாஸ்கலில், தெவிட்டிய மதிப்பு 852.26, உண்மை மதிப்பு 853.68, வழக்கமான திருத்தமோ 856.25 என்று காட்டுகிறது, அதாவது திருத்தாமலே விட்டிருந்தால் இன்னும் நெருங்கியிருப்போம். 250 டிகிரியை ஒட்டி நீருக்கு, விரிவையும் சேர்த்துக் கணக்கிட்ட திருத்தம் ஏறத்தாழச் சுழியாகிவிடுகிறது. மாறுநிலை வெப்பநிலையை (அதற்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடு இராது) நெருங்கினாலோ கனஅளவு அழுத்தத்தோடு வேகமாக மாறத் தொடங்கும். அங்கே இந்த முறை பொருந்தாது, அழுத்தம், வெப்பநிலை, கனஅளவு ஆகியவற்றை இணைக்கும் நிலைச் சமன்பாடு ஒன்றைத்தான் நாட வேண்டும்.